வாயில்லா அடைக்கலம்

(வானொலி இலக்கியத் தொடரில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



டிசம்பர் மாதம் பிறந்துவிட்டால் கண்டி மாநகரின் முகமே மாறிவிடும். பாடசாலைகளுக்கு விடுமுறை. பஸ் நிலையத்திலும் புகையிரத நிலையத்திலும் பெட்டியும் பையுமாகச் சனங்கள் நிற்பார்கள். ஹட்டனுக்கும் நுவரெலியாவுக்கும் செல்வோர் ஒருபுறம், யாழ்ப்பாணம் செல்வோர் மறுபுறம். கண்டியில் தொடங்கும் ஏ-9 வீதி யாழ்ப்பாணத்தில் போய் முடிகிறது. அங்கே அதற்குக் கண்டி வீதி என்றுதான் பெயர். இவர்களைவிடக் கனடாவிலும் லண்டனிலும் உள்ள பிள்ளைகளைப் பார்க்கப் புறப்படும் பெற்றோரும் இப்போது ஏராளம். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர் பிள்ளைகள் பலர் நாட்டைவிட்டுச் சென்றதனால் இந்தத் தொகை இன்னும் கூடியிருக்கிறது.

புறப்படுகிறவர்கள் வீட்டைப் பூட்டுகிறார்கள். மின்சாரத்தை நிறுத்துகிறார்கள். தண்ணீர்க் குழாயை மூடுகிறார்கள். இவற்றுக்கெல்லாம் பூட்டும் திருகும் இருக்கின்றன. ஆனால், வாசற்படியில் படுத்துக்கொண்டு பெட்டிகளையே பார்த்துக்கொண்டிருக்கும் நாயை எதைக்கொண்டு பூட்டுவது? அடுப்படியில் சுருண்டு கிடக்கும் பூனையை எந்தத் திருகால் நிறுத்துவது?

இன்றைய உரையின் பொருள் இதுதான். விடுமுறைக்குச் செல்வோரின் வீட்டில் தங்கி, அவர்கள் திரும்பி வரும்வரை அவர்களது வளர்ப்புப் பிராணிகளைப் பார்த்துக்கொள்ளும் பணி. இலக்கியத் தொடரில் நாயும் பூனையும் ஏன் வந்தன என்று நீங்கள் நினைக்கலாம். சற்றுப் பொறுத்துக் கேளுங்கள்.

சென்ற ஆண்டு நவம்பர் மாதக் கடைசியில், என்னிடம் உயர்தர வகுப்பில் தமிழ் படித்த மாணவி ஒருத்தி வீட்டுக்கு வந்தாள். ஹந்தானைப் பக்கத்துத் தோட்டமொன்றைச் சேர்ந்தவள். பட்டப்படிப்பை முடித்துவிட்டு நியமனத்துக்காகக் காத்திருப்பவள். தேநீரைக் கையில் வாங்கியவள் அதைக் குடிக்காமலே பேசினாள்.

"சேர், கட்டுகஸ்தோட்டையில ஒரு குடும்பம் லண்டனுக்கு மகள்கிட்ட போறாங்க. மூணு வாரம். வீட்டுல ஒரு நாயும் ரெண்டு பூனையும் இருக்கு. அங்கேயே தங்கிப் பார்த்துக்க முடியுமான்னு கேக்குறாங்க. சம்பளமும் சொல்லிட்டாங்க. எனக்கு விருப்பந்தான். அம்மாதான் வேணாங்கிறாங்க."

"ஏனம்மா?" என்று கேட்டேன்.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "'பட்டம் வாங்கினவ நாய் பார்க்கப் போறியா? உங்க பாட்டன் துரை பங்களாவில நாய்க்குச் சோறு வச்சது போதாதா?'ன்னு கேக்குறாங்க, சேர்."

நேயர்களே, அந்தக் கேள்விக்கு என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. நானும் லயத்தில் பிறந்தவன். துரையின் நாய்க்கு இறைச்சி வேகவைத்தவனின் வீட்டில் ரொட்டிக்கு மாவில்லாத நாட்கள் இருந்தன என்பதை முதியோர் சொல்லக் கேட்டு வளர்ந்தவன். தோட்டத்துப் பிள்ளைகள் சிறுவயதிலேயே கொழும்புக்கும் கண்டிக்கும் வீட்டு வேலைக்கு அனுப்பப்பட்ட கதைகளும் எமக்குத் தெரியும். ஆகையால் அந்தத் தாயின் வார்த்தையை வெறும் வீறாப்பு என்று தள்ளிவிட முடியாது. அது மூன்று தலைமுறையின் வடு. "யோசித்துச் சொல்கிறேன்" என்று மாணவியை அனுப்பிவைத்தேன்.

அன்றிரவு நான் கையில் எடுத்த நூல் சிலப்பதிகாரம். மதுரைக் காண்டத்தில் அடைக்கலக் காதை என்றொரு பகுதி உண்டு. ஆண்டுதோறும் மாணவருக்கு அதைச் சொல்லிக் கொடுக்கிறேன். மதுரையின் புறஞ்சேரியில் கவுந்தியடிகள் கண்ணகியை மாதரி என்னும் ஆயர்குலப் பெண்ணிடம் ஒப்படைக்கிறார். மாதரி செல்வச் சீமாட்டி அல்லள். பாற்சோறு படைத்துவிட்டுத் திரும்பும் எளிய பெண். என்றாலும் அடைக்கலத்தை ஏற்கத் தகுந்தவள் என்று கவுந்தி அவளைத்தான் தேர்ந்தெடுக்கிறார்.

இவ்வளவும் யாவரும் அறிந்ததே. அன்றிரவு வேறொன்று என் கண்ணில் பட்டது. அந்தக் காதைக்குள்ளேயே இரண்டு விலங்குகளின் கதைகள் இருக்கின்றன. ஒன்று, கவுந்தி மாதரிக்குச் சொல்லும் குரங்கின் கதை. ஒரு வணிகன் வீட்டுக்கு முனிவர் விருந்தினராக வருகிறார். அவர் உண்ட மிச்சிலை அங்கு வந்த ஒரு குரங்கு உண்டு, அவரை நன்றியோடு நோக்குகிறது. அதனை உன் மக்களைப்போலப் பேணுக என்று முனிவர் இல்லத்தரசியிடம் சொல்கிறார். அவளும் அவ்வாறே பேணுகிறாள். மற்றையது, மாடல மறையோன் கோவலனின் பழைய நற்செயல்களை எடுத்துரைக்கும்போது வரும் கீரிப்பிள்ளையின் கதை. வளர்த்த கீரியைக் கொன்ற பார்ப்பனியைக் கணவன் பிரிந்து வடதிசை செல்கிறான். கோவலன் பொருள் கொடுத்து அவள் பழியைப் போக்குகிறான். இளங்கோவடிகள் குறிப்பாகச் சொல்லிச் செல்லும் இந்தக் கதையைப் பஞ்சதந்திரம் விரித்துரைக்கும். தொட்டிலில் கிடந்த குழந்தையைப் பாம்பிடமிருந்து காப்பாற்றிய கீரியின் வாயில் இரத்தத்தைக் கண்டு, அது குழந்தையைக் கடித்துவிட்டது என்று பதறிக் கொன்றுவிட்ட கதை அது.

பேணப்பட்ட ஒரு விலங்கும், காவாது கொல்லப்பட்ட ஒரு விலங்கும், அடைக்கலமாகத் தரப்பட்ட ஒரு பெண்ணும் ஒரே காதையில் வருகிறார்கள். தன்னால் தன் நிலையைச் சொல்ல முடியாத உயிரை ஏற்றுக் காப்பதுதான் அடைக்கலம் என்று எனக்கு அன்று தோன்றிற்று. அதைக் காப்பது இழிவான வேலையாக இருந்தால் கவுந்தி அதனை ஒரு பேறாக மாதரியிடம் சொல்லியிருக்க மாட்டார். அந்த மாதரியின் முடிவும் எமக்குத் தெரியும். ஏற்ற அடைக்கலத்தை இழந்தேனே என்று அவள் தீயிற் புகுந்தாள்.

இதைப் படித்தபோது என் தாயாரின் நினைவு வந்தது.

1964ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் திகதி சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேருக்கு இலங்கைக் குடியுரிமை, மீதி 1 இலட்சத்து 50 ஆயிரம் பேரைப் பற்றிப் பின்னர் பேசலாம் என்று எழுதினார்கள். 1974இல் அந்த மீதியையும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். எழுபதுகளில் தோட்டந்தோறும் பிரிவு நடந்தது. தலைமன்னாருக்குச் சனங்களை ஏற்றிச் சென்ற புகையிரதத்துக்கு மலையக மக்கள் இட்ட பெயர் ஒப்பாரிக் கோச்சி. போகிறவர்களும் நிற்பவர்களும் கட்டிப்பிடித்து அழுத அழுகை அந்தப் பெயருக்குள் இருக்கிறது. தலைமன்னாரில் கப்பலேறி இராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமுக்குச் சென்றார்கள்.

அந்தக் கோச்சியில் நாய்களுக்கு இடமில்லை.

என் தாயாரின் மூத்த அண்ணன், அதாவது என் பெரிய மாமா, குடும்பத்தோடு புறப்பட்டபோது அம்மாவுக்குப் பன்னிரண்டு வயது. மாமாவிடம் ஒரு செவலை நாய் இருந்தது. "பார்த்துக்க தங்கச்சி" என்று சொல்லி, நாயின் கயிற்றை அம்மாவின் கையில் கொடுத்தாராம். கண்டி ஸ்டேசனுக்குச் சாமான் ஏற்றிய லொறி கிளம்பியதும் நாய் கயிற்றை அறுத்துக்கொண்டு பின்னால் ஓடியது. மாலையில் திரும்பி வந்தது. அதன் பிறகு தினமும் லொறி மறைந்த வளைவில் போய் உட்கார்ந்துகொள்ளும். அம்மா சோற்றைக் கொண்டுபோய் அங்கேயே வைப்பார். சில நாள் தின்னும். சில நாள் முகர்ந்து பார்த்துவிட்டு விட்டுவிடும். மழைக்காலத்தில் ஒரு நாள் அது வளைவிலும் இல்லை, லயத்திலும் இல்லை.

சில மாதங்களில் நீலகிரியிலிருந்து மாமாவின் கடிதம் வந்தது. நலம் விசாரித்த கடிதத்தின் கடைசி வரியில் நாயைப் பற்றிக் கேட்டிருந்தார். அம்மா பதில் எழுதினார்: "நாய் நல்லா இருக்கு அண்ணே." மாமா இறக்கும்வரை அந்தப் பொய்யை அம்மா திருத்தவில்லை. அறுபது வயதைக் கடந்த என் தாயார் இன்றும் இதைச் சொல்லும்போது குரல் தாழ்ந்துவிடும். "செத்திருச்சுன்னு எழுதியிருந்தா அவரும் ஒரு நாள் அழுதிட்டு விட்டிருப்பாரு. நான்தான் வாழ்நாள் முழுக்கச் சுமக்கிறேன்" என்பார்.

பெற்ற தாய் இப்படிச் சொல்லக் கேட்டு வளர்ந்த நானே பின்னொரு நாள் அதே தவறைச் செய்தேன் என்பதையும் இங்கே மறைக்காமற் சொல்ல வேண்டும்.

2018ஆம் ஆண்டு டிசம்பரில், அம்பிட்டியில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் மனைவியோடு யாழ்ப்பாணத்துக்குப் புறப்பட்டார். நெடுங்காலமாகக் கண்டியில் வாழும் யாழ்ப்பாணத்தவர். எனக்கு மூத்த சகோதரர் போன்றவர். வீட்டில் மணி என்றொரு நாய். என் மனைவியும் பிள்ளைகளும் ஹட்டனுக்குப் போயிருந்தார்கள். "நான் வந்து தங்குகிறேன் ஐயா, கவலையை விடுங்கள்" என்று நானாகவே சொன்னேன். அவர் பணம் தர முன்வந்தபோது கோபித்துக்கொண்டேன். புறப்படும்போது இரண்டு தரம் சொல்லிவிட்டுப் போனார்: "தம்பி, முப்பத்தோராந் திகதி இரவு பன்னிரண்டு மணிக்கு வெடி கொளுத்துவாங்கள். அதுக்கு முன்னம் மணியை உள்ளறைக்குள்ளை விட்டுப் பூட்டும்."

மனிதனின் செவிக்கு வினாடிக்கு 20,000 அதிர்வுக்கு மேற்பட்ட ஒலி எட்டாது. நாயின் செவிக்கு 40,000க்கு மேலும் எட்டும். மெல்லிய ஒலியையும் அது நம்மைவிடத் தூரத்திலிருந்தே கேட்டுவிடும். நமக்குக் கொண்டாட்டமாகக் கேட்கும் வெடி அதற்குப் போர் மூண்டதுபோல் இருக்கும். இதெல்லாம் எனக்குத் தெரியாததல்ல. ஆனால் உதவிக்கு வந்தவன்தானே என்ற எண்ணம் என்னை அசட்டையாக்கிவிட்டது. புத்தகமொன்றை வாசித்தபடி சாய்வு நாற்காலியிலேயே கண்ணயர்ந்துவிட்டேன். வெடிச் சத்தத்தில் நான் விழித்தபோது விறாந்தையில் மணி இல்லை. படலை சற்றே திறந்திருந்தது.

விடியும்வரை டோர்ச் லைட்டோடு தேடினேன். காலை ஆறரை மணிக்குத் தொலைபேசி ஒலித்தது. "புத்தாண்டு வாழ்த்துத் தம்பி. மணி என்ன செய்யிறான்?"

"படுத்திருக்கிறான் ஐயா" என்றேன்.

அந்தச் சொல் எப்படி வாயில் வந்தது என்று இன்றும் தெரியவில்லை. பகல் முழுவதும் தேடினேன். முச்சக்கர வண்டிக்காரரிடம் கேட்டேன். கோவில் வாசலில், சந்தியில், தேயிலைக் கொழுந்து ஏற்றும் இடத்தில் எல்லாம் தேடினேன். மாலையில் கால் ஓய்ந்து படிக்கட்டில் உட்கார்ந்தபோது அம்மாவின் கடிதம் நினைவுக்கு வந்தது. உடனே தொலைபேசியை எடுத்து நடந்ததை நடந்தபடி சொன்னேன்.

மறுமுனையில் சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு அவர் சொன்னார்: "காலமையே சொல்லியிருக்கலாம் தம்பி. நல்லூரிலை ஒரு தேங்காயாவது உடைச்சிருப்பன்." பிறகு, "கீழை பழைய பஸ் தரிப்பிடத்துக்குப் போய்ப் பாரும். மகள் கம்பஸுக்குப் போன காலத்திலை பின்னேரத்திலை அவன் அங்கைதான் போய் நிப்பான்" என்றார்.

போனேன். தரிப்பிடத்தின் வாங்குக்குக் கீழே, ஒரு காலில் காயத்தோடு மணி படுத்திருந்தான். கனடாவுக்குப் போய்விட்ட மகள் வந்திறங்குவாள் என்று காத்திருந்தானோ, பயத்தில் பழகிய இடத்தைத் தேடி வந்தானோ, யாரறிவார். நான் காலையில் உண்மையைச் சொல்லியிருந்தால் அந்தப் பகல் முழுவதும் அவன் காயத்தோடு கிடந்திருக்க வேண்டியதில்லை. அவனுக்குரிய இடம் எது என்ற அறிவு என்னிடம் இருக்கவில்லை. அவனை வளர்த்தவரிடம் இருந்தது. என் பொய் என்னைக் காப்பாற்றவில்லை. அந்த அறிவை அடைத்து வைத்தது, அவ்வளவுதான்.

மறுநாள் மாணவியையும் அவள் தாயையும் வீட்டுக்கு அழைத்து, இவை யாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்த தாய் ஒரு கேள்வி கேட்டார். "எல்லாஞ் சரி மாஸ்டர். எங்க மாமனார் பங்களாவில செஞ்சதுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?"

நியாயமான கேள்வி. நான் சொன்ன பதில் இது. "உங்கள் மாமனாருக்குச் செய்கிறேன் என்றோ மாட்டேன் என்றோ சொல்ல உரிமை இருந்ததா அம்மா? பங்களாவின் முன்வாசற் சாவி அவர் கையில் இருந்ததா? வேலை இன்னது, நாள் இத்தனை, கூலி இவ்வளவு என்று அவரோடு உட்கார்ந்து யாராவது பேசினார்களா? உங்கள் மகளுக்கு இந்த மூன்றும் இருக்கின்றன. இல்லாவிட்டால் போக வேண்டாம் என்று நானே சொல்வேன்."

ஆகவே, இந்தப் பணியை ஏற்க நினைக்கும் இளைஞர்களுக்கும், ஒப்படைக்க நினைக்கும் குடும்பங்களுக்கும் சேர்த்தே சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன்.

முதலாவது, பிராணியை அதன் வீட்டிலேயே வைத்துப் பார்ப்பது ஏன் நல்லது என்பது. பூனை ஆளைவிட இடத்தோடு ஒட்டிய பிராணி. இடம் மாறினால் ஒளிந்துகொள்ளும், உண்ணாது. பூனை தொடர்ந்து இரண்டு மூன்று நாட்கள் உண்ணாமல் இருந்தால் அதன் ஈரல் கெட்டுவிடக்கூடும். நாய்க்கு ஆள்தான் பெரிது; ஆனால் ஆள் இல்லாத நேரத்தில் பழகிய பாயும் பழகிய மணமும் பழகிய நேரச் சாப்பாடும் அதற்குத் துணை. எனவே உரிமையாளர் புறப்படுவதற்கு முன்னரே இரண்டு மூன்று தடவை போய்ப் பழக வேண்டும். பெட்டி கட்டும் நாளில் முதன்முதலாகப் போகிறவரைப் பார்த்து, இவர்தான் நம்மவரைத் துரத்துகிறார் என்று நாய் எண்ணினால் அதில் பிழையில்லை.

இரண்டாவது, யாவற்றையும் ஒரு தாளில் எழுதிக்கொள்வது. உணவு எது, எத்தனை வேளை, எந்த ஒலிக்கு அஞ்சும், தப்பினால் எங்கே போகும், மருந்து உண்டா, மிருக வைத்தியரின் தொலைபேசி இலக்கம் என்ன, கேளாமல் எவ்வளவு செலவு செய்யலாம், கூலி எவ்வளவு என்பன அந்தத் தாளில் இருக்க வேண்டும். கண்டியில் இருப்போருக்கு ஒரு வாய்ப்புண்டு. மிருக வைத்திய பீடம் இருப்பது பேராதனைப் பல்கலைக்கழகத்தில்தான். அதன் போதனா வைத்தியசாலையும் அருகிலேயே உள்ளது.

மூன்றாவது, தடுப்பூசி அட்டையைக் கண்ணால் பார்ப்பது. விசர்நாய்க்கடி நோயின் அறிகுறி தோன்றிவிட்டால் பிழைப்பது அரிதிலும் அரிது. நாய்க்கு ஆண்டுதோறும் ஊசி போட்டிருக்க வேண்டும். கடிபட்டால், கீறல்பட்டால், ஓடும் நீரில் சவர்க்காரமிட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, உடனே அரசாங்க வைத்தியசாலைக்குப் போக வேண்டும். வெட்கப்படவோ ஒளிக்கவோ கூடாது.

நான்காவது, பண்டிகைக் காலத்துப் பாசம். கிறிஸ்மஸ் கேக்கிலுள்ள முந்திரிகை வற்றலும் சொக்லேற்றும் வெங்காயமும் நாய்க்கு நஞ்சு. நமக்குக் காய்ச்சலுக்குப் போடும் பரசிற்றமோல் வில்லை பூனையைக் கொன்றுவிடும். அன்பினால் கொடுத்தோம் என்பது கீரியைக் கொன்றவளின் சமாதானம் போன்றதே.

ஐந்தாவதும் முக்கியமானதும் எதுவென்றால், தினமும் ஒரு செய்தி அனுப்புவது. நல்லதென்றால் நல்லது, கெட்டதென்றால் கெட்டது. கெட்ட செய்தியை முதலில் அனுப்ப வேண்டும்.

கூலி வாங்குவது பற்றி ஒரு சொல். பணம் வாங்காமற் செய்வதுதான் உயர்ந்தது என்று நானும் ஒரு காலத்தில் நினைத்தேன். அம்பிட்டியில் நான் பணம் வாங்கவில்லை. பொறுப்பையும் முழுதாக வாங்கவில்லை. நியாயமான கூலி பேசி ஏற்றிருந்தால் அந்த இரவு புத்தகத்தை மூடிவிட்டுப் படலையைப் பார்த்திருப்பேன். உழைப்புக்குக் கூலி கேட்பது இழிவு என்று மலையகத்தில் பிறந்த எவரும் தம் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கலாகாது. நமது மூத்தவர்கள் அந்தக் கூலிக்காகவே எவ்வளவு போராடினார்கள்!

எல்லாவற்றையும் கேட்ட பிறகும் அந்தத் தாய் சரி என்று சொல்லவில்லை. "பொம்பளப் புள்ள, தெரியாத வீட்டுல ராத்திரி தனியா எப்படி மாஸ்டர்?" என்றார். "நீங்களும் கூடப் போங்கள். வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே சொல்லி அதையும் தாளில் எழுதிக்கொள்ளட்டும்" என்றேன். வீட்டுக்காரரும் மகிழ்ச்சியோடு சம்மதித்தார்கள்.

தைப்பொங்கலுக்கு முந்திய வாரம் கட்டுகஸ்தோட்டைப் பக்கம் போக வேண்டியிருந்தது. அந்த வீட்டு வாசலில் நின்று குரல் கொடுத்தேன். நாய் குரைத்தது. உள்ளேயிருந்து வந்தவர் தாய்தான். நாயை ஓர் அதட்டு அதட்டினார்; அது அவர் காலடியில் போய் உட்கார்ந்தது. படலையைத் திறப்பதற்காகச் சேலை முந்தானையில் முடிந்து வைத்திருந்த சாவியை அவிழ்த்தார்.

"மாஸ்டர், இன்னும் நாலு நாளுல அவங்க வந்திருவாங்க" என்றார். பிறகு நாயைப் பார்த்துக்கொண்டு, "சின்னப் பூனைக்கு ரெண்டு நாளாச் சரியாச் சாப்பாடு இறங்கல. நேத்தே போன் பண்ணிச் சொல்லிட்டோம். டொக்டர்கிட்டயும் காட்டியாச்சு" என்றார்.

முந்தானையில் முடிந்த அந்தச் சாவியை நான் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

நேயர்களே, இந்த விடுமுறையில் நீங்கள் புறப்படுகிறவராக இருந்தால், உங்கள் வாயில்லா அடைக்கலத்தை யாரிடம் விட்டுச் செல்கிறீர்கள் என்று ஒருகணம் எண்ணிப் பாருங்கள். ஏற்கிறவராக இருந்தால், அந்தச் சாவி உங்கள் முந்தானையிலோ வேட்டி மடியிலோ பத்திரமாக இருக்கட்டும்.